நீல லேசர் சோதனை எதைக் காட்டுகிறது?

கம்ப்யூட்டர் கண்ணாடி விற்பவர்கள் பலர் ஒரு சின்னச் சோதனை செய்து காட்டுவார்கள். கையில் பேனா லேசர் ஒன்று, வெள்ளை அட்டை ஒன்று. லேசரை நேராக அடித்தால் அட்டையில் நீலக் கறை விழும். நடுவே லென்ஸை நீட்டினால் கறை விழாது. "பார்த்தீர்களா, நீல ஒளியை அப்படியே தடுத்துவிட்டது!" கண்முன் நடப்பது பொய்யில்லை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பு.

இந்த லேசர்களின் அலைநீளம் பெரும்பாலும் 405 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு). அதாவது ஊதா, புற ஊதாக் கதிரின் எல்லையான 400-ஐ ஒட்டி நிற்கும் ஒளி. அட்டையிலும் இப்படிப்பட்ட குறுகிய அலைநீளத்துக்கு நிறம் மாறும் ரசாயனத்தைத்தான் பூசியிருப்பார்கள். எல்.இ.டி. திரையில் நீலம் உச்சத்தைத் தொடுவதோ ஏறத்தாழ 450 நானோமீட்டரில். 420 வரை மட்டும் தடுக்கும் லென்ஸ், லேசர் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். திரையின் நீலத்தில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும்.

இதை எந்தக் கருவியும் இல்லாமலே ஊகிக்கலாம். வெள்ளை ஒளியில் நீலத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மஞ்சள். வெள்ளைத் தாளை லென்ஸ் வழியாகப் பாருங்கள். தாள் வெள்ளையாகவே தெரிந்தால், நீலம் பெரிதாகக் குறையவில்லை. பழைய சிடி ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது: வெள்ளை எல்.இ.டி. விளக்கின் ஒளியை அதன் பளபளப்பான பக்கத்தில் சாய்வாக விழவைத்தால் நிறங்கள் பிரியும். லென்ஸைக் குறுக்கே வைத்து, நீலப் பட்டை எவ்வளவு மங்குகிறது என்று பார்க்கலாம்.

ஆய்வகத்தில் இந்த வேலையைச் செய்வது ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர். புற ஊதாவுக்கு டியூட்டீரியம் விளக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு ஹாலஜன் விளக்கு. ஒளியைப் பிரித்து, ஒரு நேரத்தில் ஓர் அலைநீளத்தை மட்டும் உணரிக்கு அனுப்புவார்கள். முதலில் வெறுமையாக அளந்து அதை 100 சதவீதம் என்று வைத்துக்கொள்வார்கள். பிறகு லென்ஸை வைத்து அளப்பார்கள். கடைசியில் கிடைப்பது, எந்த அலைநீளத்தில் எத்தனை சதவீதம் கடக்கிறது என்ற வளைகோடு. "நீல ஒளித் தடுப்பு" என்ற விளம்பரத்தைவிட அந்தக் கோட்டில் 450-க்கு நேரே இருக்கும் எண்ணைத்தான் நான் நம்புவேன்.

கூலிங் கிளாஸில் குழப்பம் வேறு. கருமைக்கும் புற ஊதாத் தடுப்புக்கும் தொடர்பில்லை. கருமையைப் பொறுத்து இவற்றை வகை பிரிப்பார்கள்: மூன்றாம் வகைக் கண்ணாடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 8 முதல் 18 சதவீதத்தை விடும். நான்காம் வகை 3 முதல் 8 சதவீதம்தான் விடும். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது. இந்த எண்கள் வெளிச்சத்தைப் பற்றியவை. புற ஊதாவுக்கு "யுவி 400" (400 நானோமீட்டர் வரை தடுக்கும்) என்ற குறி தனியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நிறமே இல்லாத பாலிகார்பனேட் லென்ஸ்கூட புற ஊதாவை ஏறக்குறைய முழுதும் உறிஞ்சிவிடும். புற ஊதாவைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடிதான் கவலைக்குரியது: இருட்டில் கண்மணி விரியும், கதிர் நுழைய வழி அகலும். போலரைஸ்டு என்பதும் வேறு சங்கதி. அது பளபளப்பைக் குறைக்கும், அவ்வளவே.

வீட்டில் சோதிக்க புற ஊதா டார்ச்சும் ரூபாய்த் தாளும் போதும். தாளில் ஒளிரும் இழைகள், லென்ஸ் வழியாக டார்ச் அடிக்கும்போது ஒளிராவிட்டால் நல்ல அறிகுறி. டார்ச் 365 நானோமீட்டர் வகையாக இருக்கவேண்டும். மலிவான டார்ச்சுகள் 395-ஐ ஒட்டியவை; அவற்றின் ஊதா ஒளி நல்ல லென்ஸையும் கொஞ்சம் கடந்து உங்களை ஏமாற்றும். டார்ச்சையோ லேசரையோ கண்ணை நோக்கித் திருப்பவே கூடாது.

சரி, திரையின் நீலத்தை வடிகட்டத்தான் வேண்டுமா? திரையிலிருந்து புற ஊதா அநேகமாக வருவதே இல்லை. நீல ஒளியும் பகல் வானம் தருவதில் சிறு பங்குதான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு, 17 மருத்துவச் சோதனைகளை அலசி வெளியிட்ட 2023 ஆய்வு, குறுகிய காலத்தில் இந்த லென்ஸ்களால் கண் அயர்ச்சி குறைவதாகத் தெரியவில்லை என்கிறது. திரையை உற்றுப் பார்க்கையில் நாம் இமைப்பது குறைந்து கண் காய்கிறது. அதைச் சரிசெய்ய எந்த நிற லென்ஸாலும் ஆகாது.