பழைய வீட்டைப் பழுது பார்க்கப் பணம்: எந்தச் சலுகை கைகொடுக்கும், எது காலை வாரும்

ஒரே கதையை வெவ்வேறு ஆட்களிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கொட்டி, முப்பது வருடப் பழைய வீடு ஒன்றை வாங்குகிறார்கள். கடன் எவ்வளவு குறைவோ அவ்வளவு நிம்மதி என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். பத்திரம் பதிந்து, பால் காய்ச்சி, குடியேறியாகிவிட்டது. முதல் மழையில் மொட்டைமாடி ஒழுகுகிறது. காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே கசிகிறது. கொத்தனார் பார்த்துவிட்டு ஐந்து லட்சம் என்கிறார். அப்போதுதான், "கவர்மென்ட்ல ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டு வருகிறார்கள்.

கிடைத்திருக்கும், பத்திரம் பதியும் முன்பே கேட்டிருந்தால்.

அரசுக் காகிதத்தில் ‘வாங்குதல்’, ‘கட்டுதல்’ என்ற இரண்டு சொற்களுக்குத்தான் மரியாதை. ‘பழுது பார்த்தல்’ என்று எழுதிவிட்டால் சலுகை சுருங்கும், சில இடங்களில் மறைந்தே போகும். ஒழுகுகிற வீட்டில் இருப்பவனுக்குத்தான் உதவி அதிகம் தேவை என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

வட்டி மானியத்தில் தொடங்குவோம். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு, 2.0 என்ற பெயரில் 1.9.2024 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு நடக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால் முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய். பழைய வீட்டை மறுவிற்பனையில் வாங்கினாலும் இது உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. வங்கி ஊழியர்களிலேயே சிலர் "புது ஃபிளாட்டுக்குத்தான் சார்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். மறுவிற்பனைக்கும் உண்டா என்று திட்டத்தின் வழிகாட்டுதலைப் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள்.

இதே திட்டத்தில் பழுதுக் கடனுக்கு ஒரு பைசா மானியம் கிடையாது. குடும்பத்தில் யார் பெயரிலாவது நாட்டில் எங்காவது பக்கா வீடு இருந்தாலும் தகுதி போய்விடும். குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். ஆகவே பழைய வீட்டைக் கைக்காசில் வாங்கிவிட்டு, "மானியம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்தால் அந்தக் கதவு அடைத்துவிட்டது. நீங்கள் வாங்கிய வீடே உங்களுக்குத் தடை. இன்னொன்று: அந்த 1.80 லட்சம் ஒரே தவணையில் வராது. ஐந்து ஆண்டுத் தவணையாக வரும், கடன் உயிரோடு இருக்கவும் வேண்டும். நகையை விற்றுக் கடனைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, மீதித் தவணை ஏன் வரவில்லை என்று அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் செய்த தவறு கடனை ஒழுங்காக அடைத்தது.

வருமான வரிக்கு வருவோம். நீங்கள் குடியிருக்கும் வீட்டை வாங்கவோ கட்டவோ எடுத்த கடன் என்றால், ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை வட்டியை வரி கட்டும் வருமானத்திலிருந்து கழிக்கலாம். அதே வீட்டைப் பழுது பார்க்க எடுத்த கடன் என்றால் 30,000. அதுவும் அந்த 2 லட்சத்துக்குள்தான், தனியாக இல்லை. இந்த 30,000-ஐ 2 லட்சத்தோடு கூட்டி 2.30 லட்சம் என்று சொல்லிக் கடன் விற்கும் முகவர்கள் இருக்கிறார்கள், ஏமாறாதீர்கள். அசல் தொகைக்கு நாம் 80சி என்று பழகிய கழிவு, பழுதுக் கடனுக்கு அறவே கிடையாது. குடியேறிய பிறகு செய்யும் சேர்ப்பு, மாற்றம், புதுப்பிப்பு, பழுது எல்லாவற்றையும் சட்டமே பெயர் சொல்லி வெளியே நிறுத்தியிருக்கிறது.

இவையெல்லாம் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. புதிய முறையில் இருந்தால், சொந்தக் குடியிருப்பு வீட்டின் வட்டிக்குக் கழிவே இல்லை. நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் அலுவலகம் உங்களைப் புதிய முறையில்தான் வைக்கும். "வரிச்சலுகை கிடைக்குமே" என்ற எண்ணத்தில் பழுதுக் கடன் எடுப்பவர்கள் முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். பழைய முறையில் 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கே, 30,000 கழிவால் மிச்சமாவது ஆண்டுக்கு 6,240 ரூபாய். அதற்காகக் கடன் எடுக்க வேண்டியதில்லை.

இனி, வாங்கும் முன்பே செய்ய வேண்டிய கணக்கு. 20 லட்சம் ரூபாய் பழைய வீடு. பதிவுச் செலவு போகக் கையில் 8 லட்சம். எட்டையும் கொடுத்து 12 லட்சம் கடன் வாங்கி, பிறகு பழுதுக்கென்று 5 லட்சம் தனிக்கடன் எடுப்பது ஒரு வழி. 3 லட்சம் கொடுத்து 17 லட்சம் வீட்டுக் கடன் வாங்கி, 5 லட்சத்தைப் பழுதுக்கென்று கையில் வைத்துக்கொள்வது இன்னொரு வழி. இரண்டிலும் மொத்தக் கடன் 17 லட்சம்தான். ஆனால் இரண்டாவதில் முழுக் கடனும் ‘வீடு வாங்க எடுத்த கடன்’. 30 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, இதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. வரியில் மிச்சமாவது சிறு தொகைதான். பெரிய லாபம் வேறு: ஒரே ஒரு பரிசீலனைக் கட்டணம், பத்திரத்தைப் பார்த்து வக்கீல் தரும் ஒரே ஒரு சட்டக் கருத்து, நீண்ட தவணை. எல்லாவற்றுக்கும் மேலாக, கொத்தனார் கேட்கும் நாளில் கையில் காசு.

இதிலும் ஓர் இடறல் உண்டு. பழைய கட்டடத்தை வங்கியின் மதிப்பீட்டாளர் வயதைப் பார்த்துக் குறைத்துத்தான் போடுவார். நீங்கள் பேசிய விலைக்கும் அவர் எழுதும் மதிப்புக்கும் இடைவெளி விழும், கடன் அந்தக் குறைந்த எண்ணில்தான் வரும். ஆகவே மதிப்பீடு கைக்கு வரும் முன் பெரிய அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். "ஒப்பந்தத்தில் விலையை ஏற்றி எழுதிக்கலாம்" என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

குடியேறிய பிறகு, வீட்டு வேலைக்கென்றே விதி வைத்துப் பணம் தரும் இடம் ஒன்று இருக்கிறது. அது சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் உங்கள் சொந்தப் பணம். பி.எஃப்.

நெடுநாளாக இருக்கும் விதி 68பி(7). வீட்டில் சேர்ப்பு, மாற்றம், மேம்பாடு செய்ய முன்பணம். 12 மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகை, அல்லது உங்கள் பங்கும் அதன் வட்டியும், இதில் எது குறைவோ அது. ஐந்து ஆண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், வீடு கட்டி முடித்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். பழைய வீடு வாங்கியவருக்கு இந்த இரண்டாவது நிபந்தனை மட்டும் இயல்பாகவே நிறைவேறிவிடும். 13.10.2025 அன்று பி.எஃப். அறங்காவலர் வாரியம் இந்த விதிகளைச் சுருக்கி எழுத ஒப்புதல் கொடுத்தது: 12 மாத சேவை போதும், முதலாளி பங்கையும் சேர்த்து எடுக்கலாம், ஆனால் 25 சதவீதம் கணக்கில் நிற்க வேண்டும். கூட்டத்தில் ஒப்புதல் கிடைப்பது வேறு, உங்கள் கிளெய்ம் அதன்படி நகர்வது வேறு. விண்ணப்பிக்கும் நாளில் பி.எஃப். போர்ட்டலில் உங்கள் கணக்குக்கு எந்தக் காரணம், எந்தத் தொகை காட்டுகிறதோ அதை வைத்துத்தான் கொத்தனாரிடம் பேச வேண்டும். யூடியூபில் கேட்டதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு நிற்பவர்கள் நிறையப் பேர்.

அடிப்படைச் சம்பளம் என்ற சொல்லில் பலர் ஏமாறுகிறார்கள். கைக்கு 35,000 வருகிறது, எனவே 4 லட்சத்துக்கு மேல் கிடைக்கும் என்று கணக்குப் போடுவார்கள். சம்பளச் சீட்டில் அடிப்படை 15,000 என்றுதான் இருக்கும், மீதியெல்லாம் படிகள். பழைய விதிப்படி உச்சவரம்பு 1.80 லட்சத்தில் முடிந்துவிடும்.

அடுத்தது வீடு யார் பெயரில் என்பது. உறுப்பினர் பெயரில், அல்லது கணவன்/மனைவி பெயரில், அல்லது இருவர் பெயரில் மட்டுமே இருக்க வேண்டும். அப்பா பெயரில் இருக்கும் வீட்டுக்கு இல்லை. அம்மாவும் மகனும் சேர்ந்து வாங்கிய வீட்டுக்கு இல்லை. அண்ணன் தம்பி பாகம் பிரிக்காத வீட்டுக்கு இல்லை. நம் ஊரில் முதல் வீடு அம்மா பெயரைச் சேர்த்துத்தான் வாங்கப்படுகிறது, பாசமாகவோ ஆசீர்வாதமாகவோ. பதிவு செய்யும் நாளில் இதை யாரும் சொல்வதில்லை.

விண்ணப்பம் இணையத்தில்தான், படிவம் 31. சான்றிதழ் எதுவும் இணைக்க வேண்டியதில்லை, சுய உறுதிமொழி போதும் என்று 2017-லேயே மாற்றிவிட்டார்கள். காசோலை, பாஸ்புக் படம் ஏற்றும் தேவையையும் 2025 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். இருந்தும் "மதிப்பீட்டுச் சான்று வேண்டும், பொறியாளர் கையெழுத்து வேண்டும்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கும் பிரவுசிங் சென்டர்கள் இருக்கின்றன. வருகிற பணத்தில் சதவீதம் கேட்பவர்களும் உண்டு. போர்ட்டலில் விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லை. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்.

கிளெய்ம் ரிஜெக்ட் ஆவது பெரும்பாலும் வீட்டால் அல்ல, இனிஷியலால். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஆவணங்கள் அதைப் புரிந்துகொள்ள மறுக்கின்றன. ஆதாரில் இனிஷியல் பின்னால், பி.எஃப்.-இல் முன்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக, வங்கியில் இனிஷியலே இல்லாமல். ஒரே ஆள், நான்கு பெயர். பழுதுக்கு ஆள் பேசும் முன், ஆறு மாதம் முன்கூட்டியே இதைச் சரிசெய்யுங்கள். 1.10.2017-க்குப் பிறகு ஆதார் வழியாகக் கிடைத்த யூ.ஏ.என். (உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்) என்றால், 2025 ஜனவரி முதல் பெயர், பிறந்த தேதி போன்றவற்றை நீங்களே திருத்தலாம். அதற்கு முந்தைய எண் என்றால் முதலாளி ஒப்புதல் வேண்டும். அங்கேதான் அலைச்சல். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணிக்கு, வேலையை விட்ட நிறுவனத்தின் ஹெச்.ஆர். ஒரு பொத்தானை அழுத்த நான்கு மாதம் எடுத்துக்கொண்டார். அதற்குள் இரண்டு மழை வந்துபோனது.

பழைய வேலையின் கணக்கைப் புதியதற்கு மாற்றாமல் விட்டால், சேவைக் காலம் கணக்கில் சேராது. "எட்டு வருஷமா பி.எஃப். பிடிக்கிறாங்க" என்பீர்கள், போர்ட்டல் மூன்று வருடம் என்று காட்டும். முதலில் மாற்றல், பிறகு முன்பணம். பழைய நிறுவனம் விலகல் தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம்.

இன்னொரு எச்சரிக்கை. ‘மருத்துவம்’ என்று போட்டால் சேவை ஆண்டு கேட்காது, உடனே வரும் என்று சொல்லித்தருகிறவர்கள் உண்டு. பொய்க் காரணம் சொல்லி எடுத்தது தெரிந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வீட்டுக்கென்றே காரணம் இருக்கும்போது நோயாளியாக வேண்டாம்.

எடுக்கலாம் என்பதற்காக முழுவதையும் எடுக்காதீர்கள். 2024-25க்கு வட்டி 8.25 சதவீதம். இதே விகிதம் நீடித்தால் இன்று எடுக்கும் 2 லட்சம், இருபது வருடத்தில் கிட்டத்தட்ட 9.75 லட்சமாகியிருக்கும். கூரை ஒழுகலுக்கும் மின்கம்பி மாற்றத்துக்கும் எடுங்கள். மாடுலர் கிச்சனுக்கு என்றால் நான் தடுப்பேன்.

வேலை ஆரம்பித்ததும் ‘அனுமதி வாங்கினீங்களா’ என்று ஒருவர் வருவார். வெள்ளையடிப்பு, பூச்சு, தரை மாற்றம் போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் அனுமதி தேவையில்லை. அறை சேர்ப்பது, மாடி எழுப்புவது, தாங்கு சுவரை எடுப்பது வேறு கதை. அவற்றுக்கு அனுமதி வாங்கியே தொடங்குங்கள். பெரிய வேலைகளின் பில்லைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பின்னால் வீட்டை விற்கும்போது மேம்பாட்டுச் செலவாகக் காட்டி மூலதன ஆதாய வரியைக் குறைக்கலாம். பெயின்ட் பில் அதில் சேராது.

பி.எஃப். கிளெய்ம் 20 நாளைத் தாண்டினால் சும்மா காத்திருக்காதீர்கள். குறைதீர்ப்புப் போர்ட்டலில் புகாரைப் பதிந்து எண்ணை எழுதி வையுங்கள். உதவி எண் 14470. நிராகரித்தால் எல்லாக் குறைகளையும் ஒரே தடவையில் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கே உத்தரவு இருக்கிறது. முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று என்று இழுத்தால் அதையே புகாரில் எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். அதிகாரிகள் நேரில் உட்காரும் முகாம் நடக்கும். நிராகரிப்பின் அச்சுப்படி, ஆதார், பான், வங்கிப் புத்தகம் நான்கையும் எடுத்துக்கொண்டு அங்கே போங்கள், கொடுக்கும் மனுவுக்கு முத்திரையிட்ட நகல் வாங்காமல் இருக்கையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.