தடம் கேட்டல்

போன வாரம் கோவையில் ஒரு பயிலரங்கு. நடுவில் தலைமைக் கணினி இல்லாமல் கணினிகள் தமக்குள் நேராகப் பேசிக்கொள்ளும் மையமற்ற வலைகளைப் பற்றிப் பேசியவர் ரூட்டிங் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் 'தரவு வழிசெலுத்தல்' என்றார். முப்பது தடவையாவது இருக்கும்.

ரூட் என்பதன் வேர் லத்தீன் 'ருப்தா', உடைத்துத் திறந்த பாதை. எதை எந்தப் பாதையில் அனுப்புவது என்று தீர்மானிப்பது ரூட்டிங். வேர்க்கதை அவ்வளவுதான்.

'செலுத்து' என்பதுதான் உறுத்துகிறது. வண்டி செலுத்துகிறோம், வரி செலுத்துகிறோம். செலுத்த ஒரு கை வேண்டும். போதாக்குறைக்கு மாலுமியின் வேலைக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் இதே சொல். மையமற்ற வலையில் செலுத்துகிற கை ஏது? 2002-இல் வந்த கடெம்லியாவைப் பாருங்கள், அப்படிப்பட்ட வலையில் எது யாரிடம் இருக்கிறது என்று தேடும் முறை அது. கோப்புகளை ஆளுக்கு ஆள் நேராகப் பகிரும் பிட்டோரென்ட், யாரிடம் எது என்று பட்டியல் வைத்திருக்கும் டிராக்கர் கணினி இல்லாமல் ஆள் தேடுவது இதன் ஒரு வடிவத்தில்தான். கணினிக்கு 160 பிட் எண் (0, 1 மட்டும் வரும் 160 இலக்கம்), கோப்புக்கும் அதே நீளத்தில் ஓர் எண். இரண்டையும் எக்ஸ்-ஆர் செய்தால், அதாவது இலக்கம் வேறுபடும் இடத்தில் 1, ஒத்த இடத்தில் 0 போட்டால், வருவதே தூரம்: 5-க்கும் (101) 6-க்கும் (110) தூரம் 3 (011). பக்கத்து வீட்டுக் கணினி 'வெகுதூரத்தில்' இருக்கலாம். தேடுகிறவர் தனக்குத் தெரிந்தவர்களில் அந்த எண்ணுக்கு நெருங்கியவர்களைக் கேட்பார். அவர்கள் கோப்பை வாங்கிக் கொடுப்பதில்லை. இன்னும் நெருங்கியவர்களின் முகவரியைச் சொல்வார்கள், அவ்வளவே. அங்கே போய் மறுபடி கேட்க வேண்டும். 10 லட்சம் கணினி இருந்தாலும் சுமார் 20 கட்டத்துக்குள் ஆள் அகப்பட்டுவிடும். கோப்பு, வைத்திருப்பவரிடமிருந்து நேராக வரும். கை மாறிப் போவது தரவும் அல்ல, யாரும் செலுத்துவதும் இல்லை. இரண்டு சொல், இரண்டும் பிழை!

ஊதியூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் காதுகுத்து. போனில் சிக்னல் இல்லை. காங்கயத்து டீக்கடையில் தோட்டத்துக்காரர் பெயரைச் சொன்னதற்கு, "ஊதியூர்ல போயிக் கேளுங்க" என்றார்கள். ஊதியூரில், "மேக்கால ஒரு இட்டேரி போகுதுங்க, அந்த முக்குல ஆடு மேய்க்கறவரு இருப்பாருங்க". அவருக்குத்தான் தோட்டம் தெரிந்திருந்தது. முழு வழியும் அறிந்தவர் நடுவில் ஒருவருமில்லை. இதை எங்கள் பக்கம் 'தடம் கேட்டுப் போறது' என்போம்.

அப்படியே 'தடம் கேட்டல்' என்று எழுதினால் என்ன? கொச்சை என்றார் மொழிபெயர்க்கிற நண்பர். பேருந்தில் 'தடம் எண்' என்று எழுதியிருக்கிறதே, அதுவும் கொச்சையா? புதுச்சொல் என்றால் வாயில் நுழையாமல் இருக்க வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? சரி, வீட்டு ரவுட்டர் தரவுப் பொட்டலத்தைத் தானே அடுத்த கைக்குத் தள்ளிவிடுகிறது. அங்கே 'செலுத்தல்' இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிப்பட்ட வலையில் சமமாக இருக்கும் ஒவ்வொருவரையும் குறிக்கிற 'பியர்' என்பதை நண்பர் 'சகா' ஆக்கியதை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன். சமபங்கு உள்ளவனுக்குப் பங்காளி என்று சொல் இருக்கிறதே என்றால் சண்டைக்கு வருவார்.