'அழுக்கு பண்ணவன் காசு கட்டு': ஒரு ஐடியா கேம்பிரிட்ஜ்ல கிளம்பி பாலாத்துக்கு வந்த வழி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இன்னிக்கு யாரைக் கேட்டாலும் தண்ணியக் கெடுத்தவன்தான் செலவைக் கட்டணும்னு சொல்வாங்க, அதுல என்ன பெரிய தத்துவம் இருக்குன்னு நம்மளையே திருப்பிக் கேப்பாங்க. ஆனா ஒரு காலத்துல இது பொருளாதாரத்துலயே புது மாதிரியான பேச்சு. 1920ல கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்தர் பிகு ஒரு புத்தகத்துல எழுதினார், ஃபேக்டரி புகையால ஊருக்கு ஆகுற நஷ்டம் ஃபேக்டரியோட கணக்கு நோட்டுல ஏறவே இல்ல, அத வரி மாதிரி ஏதாவது போட்டு ஏத்தணும்னு. படிச்சவங்க தலையாட்டினாங்க, முதலாளிங்க கண்டுக்கல.

அப்புறம் இத கையில எடுத்தது போராட்டக்காரங்க இல்லங்க, வியாபாரக் கவலை உள்ளவங்க. 1972ல ஓஇசிடி, அதாவது பணக்கார நாடுகளோட அமைப்பு, 'மாசு பண்றவரே கட்டணும்'னு ஒரு கொள்கையா சொல்லுச்சு. ஏன்னா ஒரு நாட்டு அரசாங்கம் தன் கம்பெனிக்கு வரிப் பணத்துல கழிவுநீரைச் சுத்தம் பண்ணிக் குடுத்தா, அந்த செலவைத் தானே செய்ற அடுத்த நாட்டு கம்பெனி போட்டியில அடி வாங்கும்ல. அதுக்கப்புறம்தான் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அதையே எடுத்து நியாயம், நஷ்ட ஈடுன்னு பேச ஆரம்பிச்சாங்க, 1992 ரியோ மாநாட்டு அறிக்கையிலயும் அது ஏறிடுச்சு. வார்த்தை அதேதான், வியாபாரிக்கு அது 'சம போட்டி', ஆர்வலருக்கு 'நீதி', இப்படி ரெண்டு பக்கமும் அவங்கவங்க அர்த்தத்த வச்சுக்க இடம் குடுக்கற ஐடியாதான் எதிரெதிர் கூட்டங்களுக்கு நடுவுல சுலபமா நகரும்.

நம்ம ஊருக்கு அது வந்தது கோர்ட்டு வழியா. அப்போ வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், பாலாத்துல டேனரி, அதாவது தோல் பதனிடுற ஆலைங்களோட கழிவு கலக்குதுன்னு வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு, அவங்க தரப்புல வாதாடினது எம்.சி. மேத்தா. 1996 ஆகஸ்ட் 28ல தீர்ப்பு. டேனரி பெல்ட்ல கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ விளைச்சலுக்கு ஆகாமப் போச்சுன்னு அதுல பதிவாயிருக்கு. மாசு பண்றவரே கட்டணும்ங்கறது இந்த நாட்டுச் சட்டத்துல ஒரு பகுதின்னு சொல்லி, டேனரிக்கு ஆளுக்கு 10,000 ரூபா அபராதம் போட்டாங்க.

சரி, தீர்ப்பு வந்துட்டா முதலாளி மனசு மாறிடுமா? இங்கதான் சமூக அறிவியல் சுவாரஸ்யமா ஆகுது. 1973ல மார்க் கிரானோவெட்டர்ங்கற சமூகவியலாளர் சொன்னது, புதுத் தகவல் நெருங்குன சொந்தக்காரங்க கிட்டேருந்து வர்றது கம்மி, எப்பவாவது பேசுற அரைகுறைப் பழக்கம் உள்ளவங்க கிட்டேருந்துதான் வரும்னு. நம்ம பக்கம் அந்த ஆளுங்க யாருன்னா வக்கீல், சென்னை தோல் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி, ஜெர்மனிலேருந்து தோல் வாங்க வர்ற பையர் இந்த மாதிரி ரெண்டு பக்கமும் கால் வச்சவங்க. ஆனா 2007ல டேமன் செண்டோலாவும் மைக்கேல் மேசியும் ஒரு திருத்தம் போட்டாங்க, தகவல் பரவ ஒரு ஆள் போதும், கைக்காசு போற பழக்கம் பரவ ஒரு ஆள் பத்தாது, பல பேர் செஞ்சுட்டாங்கன்னு தெரியணும். தங்கம் விலை ஏறுச்சுங்கறத பஸ்ல ஒருத்தர் சொன்னா நம்பிடுவோம், சீட்டுல சேரணும்னா மட்டும் நம்ம தெருவுல நாலு பேர் சேர்ந்திருக்காங்களான்னு பாப்போம்ல, அதேதான்.

இந்தப் பக்கம் டேனரி வச்சிருக்கறவங்க நிறைய பேர் சொந்தபந்தம், கல்யாணத்துலயும் பள்ளிவாசல்லயும் சங்கக் கூட்டத்துலயும் பாத்துக்கறவங்க. தனியா ஒருத்தர் சுத்திகரிப்புக்கு செலவு பண்ணா பக்கத்துக்காரர் விலைய இறக்கி ஆர்டர அடிச்சுட்டுப் போயிடுவார், அதனால எல்லாரும் சேர்ந்தா நானும் வரேன்னுதான் நிப்பாங்க. கோர்ட்டு டேனரிய மூடிடும்ங்கற பயம் எல்லாருக்கும் ஒண்ணா வந்தப்போ, பல டேனரி கழிவுநீரைச் சேர்த்துச் சுத்தம் பண்ற பொது சுத்திகரிப்பு நிலையம் வேகம் பிடிச்சுது, பாலாத்து டேனரிகளைப் பத்தி 1999ல ஆய்வுக் கட்டுரை போட்ட லொரெய்ன் கென்னடியும் இந்தக் கூட்டு முயற்சியைத்தான் முக்கியமாப் பாக்கறாங்க.

இதோட பிசிபி (பென்டாகுளோரோஃபீனால்) கதைய வச்சுப் பாருங்க. தோல் பூஞ்சை பிடிக்காம இருக்கப் போடுற அந்த ரசாயனத்த ஜெர்மனி 1989ல தடை பண்ணுச்சு. அதுக்கு ஊர்வலமும் நடக்கல, வருஷக்கணக்கா கேஸும் நடக்கல, கண்டெய்னர் திரும்பி வந்துடும்ங்கற ஒரே பயத்துல ஏற்றுமதி டேனரிங்க மாத்து மருந்துக்குப் போயிட்டாங்க. மருந்த மாத்துறது சுத்திகரிப்பு நிலையம் கட்டுறத விட சின்ன வேலைதான், அத ஒத்துக்கறேன், ஆனாலும் என் கணக்குல முதலாளி காதுக்கு ஆர்வலர் குரலை விட பையர் குரல் பத்து மடங்கு சத்தமா கேக்குது. அது தெரிஞ்சுதான் உலகம் பூரா நிறைய சுற்றுச்சூழல் அமைப்புங்க இப்போ ஆலை வாசல்ல நிக்கறத விட்டுட்டு ஷூ பிராண்ட் கம்பெனி வாசல்ல போய் நிக்கறாங்க.

பயணத்துல ஐடியா தேஞ்சும் போச்சு. பொது சுத்திகரிப்பு நிலையம் கட்ட மத்திய அரசு 25 சதவீதம், மாநில அரசு 25 சதவீதம் மானியம் குடுக்கற திட்டம் இருந்துச்சு, அதாவது பாதி செலவு உங்க வீட்டு, எங்க வீட்டு வரிப் பணம், ஓஇசிடி எதைக் கூடாதுன்னு ஆரம்பிச்சுதோ அதேதான்! கெட்டுப்போன நிலத்துக்கான நஷ்ட ஈடு இன்னும் இழுத்துச்சு, 2025 ஜனவரி 30ல சுப்ரீம் கோர்ட் மறுபடியும் சொல்ல வேண்டி வந்துச்சு, பாக்கி இருக்கற குடும்பங்களுக்கு மாநில அரசு முதல்ல பணத்தைக் குடுக்கட்டும், ஆலைங்க கிட்டேருந்து அப்புறம் வசூல் பண்ணிக்கட்டும்னு.