ஒரு சொல்லுக்கு எத்தனை நொடி?

தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் வகுப்பில் மூளை முடக்குவாதம் உள்ள பையன் ஒருவன் இருக்கிறான். காது நன்றாகக் கேட்கிறது, சொன்னால் புரிகிறது, பேச்சுதான் வரவில்லை. படங்களைத் தொட்டுக் காட்டிப் பேசும் படப்பலகை கொடுங்கள் என்கிறார் ஸ்பீச் தெரபிஸ்ட். அதைக் கொடுத்தால் வருகிற பேச்சும் வராமல் போய்விடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். கொடுக்கலாமா?”

கொடுக்கலாம். இந்தப் பயத்தை ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மில்லர், லைட், ஷ்லாசர் என்ற மூவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிச் சலித்து 2006-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். நம்பத்தகுந்த முறையில் கவனிக்கப்பட்டவர்கள் 27 பேர். பலகை, சைகை போன்ற மாற்றுத் தொடர்பு முறைகளைக் கற்ற பிறகு 24 பேருக்கு வாய்ப்பேச்சு கூடியிருந்தது. 3 பேருக்கு மாற்றமில்லை. குறைந்தவர் ஒருவர்கூட இல்லை. கூடியதும் கொஞ்சம்தான், ஆகவே பலகையைப் பேச்சுக்கான மருந்தாக நினைக்க வேண்டாம். நாக்கில் வசம்பைத் தேய்த்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். வசம்புக்கு ‘பேர் சொல்லாதது’ என்றே ஒரு பெயர் உண்டு. பெயரைச் சொல்லக்கூடாத மருந்தால் பேச்சை வரவழைக்கப் பார்க்கிறோம்.

பலகையை வாங்கிக் கொடுத்த பிறகுதான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது. அது நேரச் சிக்கல்.

நாம் பேசும்போது ஒருவர் முடித்ததும் அடுத்தவர் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார் என்று 10 மொழிகளில் அளந்த ஆய்வு 2009-ல் வந்தது. சராசரி இடைவெளி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதைவிட வெகுவாக நீளும் மௌனம் நமக்குக் கூச்சமாக இருக்கிறது, உடனே நாமே பேசி நிரப்பிவிடுகிறோம். பலகையில் பேசும் குழந்தையோ கேள்வியைக் கேட்டு, பதிலை யோசித்து, படத்தைத் தேடி, கையை அங்கே கொண்டுசேர்க்க வேண்டும். பத்து நொடி சாதாரணமாக ஆகும். மூன்றாவது நொடியிலேயே “தண்ணி வேணுமா? சரி, இந்தா” என்று ஆசிரியை முடித்துவிட்டால், குழந்தை சொல்ல வந்தது பாதி வழியில் நின்றுவிடும். கேட்ட பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பயிற்சியிலேயே கடினமான பகுதி இதுதான்.

அந்தப் பத்து நொடியைக் குறைக்க முதல் வழி, கட்டங்களை இடம் மாற்றாமல் இருப்பது. கரண்ட் போன இருட்டில் தீப்பெட்டி இருக்கும் மாடத்துக்குக் கை தானாகப் போகிறதல்லவா? ‘வேணும்’ என்ற கட்டத்துக்கும் குழந்தையின் கை அப்படிப் போக வேண்டும். வழக்கமாக நடப்பது வேறு. முதல் மாதம் 4 பெரிய படங்கள், தேறியதும் 9, அப்புறம் 20 என்று பலகையை மாற்றுகிறோம். ஒவ்வொரு முறையும் எல்லாப் படமும் புது இடத்துக்குப் போகிறது, கை பழகியது வீணாகிறது. முதலிலேயே 40 கட்டம் வரைந்து, 8 படங்களை மட்டும் அவற்றின் நிரந்தர இடத்தில் ஒட்டி, மற்றவற்றைக் காலியாக விடுவது நல்லது. புதுச் சொல் வந்தால் காலிக் கட்டத்தில் குடியேறும். பளபளக்கும் லேமினேஷன் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியாகிவிடும், மங்கலான உறையே சரி. வீட்டுக்கு ஒன்று, பைக்கு ஒன்று, வகுப்புச் சுவருக்கு ஒன்று என மூன்று நகல் வேண்டும். கிழிந்துவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டிய பலகை யாருக்கும் பேச்சு தராது.

எந்தச் சொற்களை வைப்பது? ஆப்பிள், பந்து, யானை என்று பெயர்ச்சொற்களால் நிரப்பாதீர்கள். யானையைப் பற்றிக் குழந்தை எத்தனை முறை பேசப்போகிறது? வேணும், வேண்டாம், இன்னும், போதும், வா, தா, பாரு, என்ன, எங்கே, பிடிக்கல, வலிக்குது போன்றவைதான் நாள் முழுக்கப் புழங்குபவை. ஆங்கிலப் பலகையை வரிக்கு வரி பெயர்த்தால் கோளாறு இங்கேதான் வரும். ஆங்கிலத்தின் ‘I’ கட்டத்தை ‘நான்’ என்று மாற்றிவிடுவார்கள். குழந்தை ‘நான்’, ‘வேணும்’ என்று அழுத்தினால், குரல் பதிந்த பேசும் பலகை “நான் வேணும்” என்று சொல்லும். தமிழில் முதலில் தேவைப்படுவது ‘எனக்கு’. குரல் பதியும்போதும் ‘வேண்டும்’ வேண்டாம், வீட்டில் காதில் விழும் ‘வேணும்’ போதும். படத்தைத் தொட்டால் பேசும் ஆவாஸ் என்ற செயலி சென்னையில் உருவானது, அதில் தமிழும் இருக்கிறது. ஆனால் எந்தச் செயலியானாலும் உங்கள் வீட்டுப் பேச்சுக்கு ஏற்ப அதைத் திருத்தும் வேலை உங்களுடையது. சின்னக் குழந்தைகள் பேசும் தமிழில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று ஊர் ஊராகப் பதிவுசெய்து எண்ணுவது கவர்ச்சியான ஆராய்ச்சி அல்ல. ரோபோ ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு துளி இதற்குக் கிடைத்தாலும் நல்ல பலகைகள் வரும் என்பது என் கருத்து.

பலகையில் பேசக் கற்றுக்கொடுப்பது, நாம் பலகையில் பேசிக் காட்டுவதுதான். பேசும் குழந்தை ஒரு வருடம் கேட்ட பிறகே வாய் திறக்கிறது. “சோறு போதுமா, இன்னும் வேணுமா?” என்று இயல்பாகக் கேட்டபடி ‘போதும்’, ‘இன்னும்’ இரண்டை மட்டும் தொட்டுக் காட்டினால் போதும். குழந்தை ஒரு கட்டம் தொடுகிற நிலையில் இருந்தால் நீங்கள் இரண்டு தொடுங்கள். திருப்பிச் செய்யச் சொல்ல வேண்டாம். “யானை எங்கே, காட்டு” என்று கேட்க ஆரம்பித்தால் பலகை பரீட்சைத்தாள் ஆகிவிடும்.

இதுவரை சொன்னது விரலால் தொட முடிகிற குழந்தைக்கு. கை சொன்னபடி கேட்காத குழந்தை என்ன செய்யும்? இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரே ஓர் அசைவு போதும். கண்ணை மேலே தூக்குவது, தலையைச் சாய்ப்பது, முழங்காலால் ஒரு ஸ்விட்சைத் தட்டுவது, ஏதாவது ஒன்று. இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் கடைசிக் காலத்தில் பயன்படுத்தியது கன்னத் தசையை. கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்பு உணரி அந்தத் துடிப்பைப் பிடித்தது. கையால் ஸ்விட்சை அழுத்த முடிந்த நாட்களில் நிமிடத்துக்கு 15 சொல் வரை எட்டியவர் அவர். தசை தளரத் தளர அது நிமிடத்துக்கு ஒரு சொல் அளவுக்கு இறங்கியது.

எழுத்து தெரிந்த குழந்தைக்குத் தமிழ்ப் பலகை செய்வோம். 247 எழுத்தையும் எழுத வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மொத்தம் 31 போதும், உயிர்மெய் தானே கூடிக்கொள்ளும். ஜ், ஷ், ஸ், ஹ் நான்கையும் ‘அழி’ என்ற ஒரு கட்டத்தையும் சேர்த்தால் 36. ஆறுக்கு ஆறு என்று கச்சிதமாக அமைகிறது.

இப்போது கூட இருப்பவர் ஒவ்வொரு வரிசையாக விரலை வைத்து “இந்த வரிசையா?” என்று கேட்டு இரண்டு நொடி நிறுத்துகிறார். குழந்தை கண்ணைத் தூக்கியதும், அந்த வரிசைக்குள் கட்டம் கட்டமாக நகர்கிறார். 36 எழுத்தையும் ஒரே நீளமாகக் கேட்டுக்கொண்டே போனால் ஓர் எழுத்துக்குச் சராசரியாக 18 அல்லது 19 கேள்வி. வரிசை, பிறகு கட்டம் என்று போனால் சராசரி 7. பாதிக்கும் கீழே.

இன்னும் குறைக்கலாம். முதல் வரிசை முதல் கட்டத்துக்கு இரண்டே கேள்வி, கடைசி மூலைக்குப் பன்னிரண்டு. அதாவது பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. இடது மேல் மூலையை ஒட்டிய முக்கோணத்தில் உள்ள 10 கட்டங்கள் ஐந்து கேள்விக்குள் கிடைக்கும். அந்த மலிவான மனைகளில் யாரைக் குடிவைப்பது?

அகர வரிசைப்படி எழுதினால் 12 உயிரும் முதல் இரண்டு வரிசைகளை அடைத்துக்கொள்ளும். மூன்றாம் வரிசையின் முதல் கட்டம் ஆய்தத்துக்குப் போகும். அதன் விலை 4, நாள் முழுக்கத் தேவைப்படும் ‘இ’க்கும் அதே 4. ‘எஃகு’ என்று ஒரு குழந்தை வாரத்துக்கு எத்தனை முறை எழுதும்? ‘ஔ’வுக்கு 8, ‘ம்’முக்கோ 9. இந்தப் பலகையில் ‘அம்மா’ என்று எழுத அ 2, ம் 9, மறுபடி ம் 9, ஆ 3, ஆக 23 கேள்வி. கேள்விக்கு இரண்டு நொடி என்றால் 46 நொடி. ‘அ’வை மூலையிலும் அதற்கடுத்து ‘ஆ’, ‘ம்’ இரண்டையும் வைத்துப் பாருங்கள்: 2, 4, 4, 3. பதின்மூன்று கேள்வி, 26 நொடி. எழுத்துகளை இடம் மாற்றியதில் மட்டும் அம்மாவைக் கூப்பிடும் நேரத்தில் 20 நொடி மிச்சம். ஔ, ஃ, ங் மூன்றையும் தயங்காமல் வலது கீழ் மூலைக்கு அனுப்பலாம்.

கணினித் தட்டச்சில் தமிழ்99 விசைப்பலகை முறை பழகியவர்களுக்கு இன்னொரு யோசனை தோன்றியிருக்கும். அதில் மெய்யெழுத்துச் சாவி அகரம் ஏறியே வரும், ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானாக விழும். பலகையிலும் ‘ப்’புக்குப் பதில் ‘ப’ என்று எழுதினால் ‘படம்’ என்பதற்கு ஐந்து தேர்வு வேண்டாம், ‘ப ட ம’ என்ற மூன்றே போதும். புள்ளியைக் கூட இருப்பவர் ஊகித்துக்கொள்வார். ஊகித்தாலும் “படமா?” என்று கேட்டு, குழந்தை ஆமாம் காட்டிய பிறகே எழுத வேண்டும்.

தவறு நடப்பதும் இந்த ஊகத்தில்தான். எதிர்பார்க்கும் வரிசை வந்ததும் பெரியவரின் குரல் தன்னையறியாமல் உயரும், விரல் அங்கே அரை நொடி கூடுதலாக நிற்கும், குழந்தையும் அதற்குத் தலையாட்டிவிடும். எல்லா வரிசைக்கும் ஒரே குரல், ஒரே நிறுத்தம். ‘ஆமாம்’ அசைவு ஒன்று, ‘இதில் இல்லை’ அசைவு வேறொன்று என, முடிகிற குழந்தைக்கு இரண்டும் வேண்டும்.

குழந்தையின் கையையோ முழங்கையையோ பிடித்துக்கொண்டு தட்டச்சு செய்யவைக்கும் முறை மட்டும் கூடவே கூடாது. 1990-களில் அதைச் சோதித்தபோது உதவியாளருக்கு ஒரு படமும் குழந்தைக்கு வேறு படமும் காட்டினார்கள். தட்டச்சில் வந்தது உதவியாளர் பார்த்த படம். அவர்கள் ஏமாற்றவில்லை, தங்கள் கை தள்ளுவது தங்களுக்கே தெரியவில்லை. அமெரிக்கப் பேச்சு-மொழி-கேள்திறன் சங்கம் 2018-லும் இம்முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. ஆனாலும் அற்புதம் என்று சொல்லி இதை விற்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, படப்பலகையில் பெரியவர்கள் மறந்துவிடும் ஒரு சொல்: ‘போடா’. நல்ல சொற்களாகவே அடுக்கிய பலகையில் கோபத்துக்கு இடமிருக்காது. பக்கத்து பெஞ்சுக்காரன் ரப்பரைப் பிடுங்கினால் உடனே திட்ட வேண்டும், இருபது நொடி கழித்துத் திட்டினால் அவன் மைதானத்துக்கே போயிருப்பான். அதை மேல் வரிசையிலேயே வையுங்கள்.