போகணும்னுதான் இருந்தேன்

தேர்தல் முடிந்த வாரத்தில் என் அறைக்கு வரும் பிள்ளைகளிடம் "ஓட்டுப் போட்டியா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆலோசனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இறுக்கமாக உட்கார்ந்திருப்பவர்களைப் பேச வைக்க ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்க ஆரம்பித்ததுதான். போட்டவர்கள் "ம்" என்பார்கள், அவ்வளவுதான். போடாதவர்களில் பெரும்பாலானோர் வார்த்தை மாறாமல் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "போகணும்னுதான் இருந்தேன் மேடம்."

கல்லூரியில் படிப்பவர்களுக்கும் முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்கும் மனநல ஆலோசகராகப் பதினான்கு வருடமாக இருக்கிறேன். இந்த வாக்கியம் எனக்கு நன்றாகப் பழக்கம். பல்வலியோடு மூன்று மாதம் திரிபவன் இதைத்தான் சொல்வான். பரீட்சைக்கு ஃபீஸ் கட்டும் கடைசித் தேதியைத் தவறவிட்டவள் இதைத்தான் சொல்வாள். சண்டை போட்டுக்கொண்டு அப்பாவுக்கு அரை வருடமாக போன் செய்யாதவனும் இதையேதான் சொல்வான். அதனால்தான், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு அக்கறையே கிடையாது" என்று டிவி விவாதத்தில் யாராவது அடித்துப் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். அக்கறை இல்லாதவன் தலையைக் குனிந்துகொண்டு "போகணும்னு இருந்தேன்" என்று சொல்ல மாட்டான். "எதுக்குப் போகணும்?" என்று நேருக்கு நேர் கேட்பான்.

அப்படிக் கேட்பவர்களும் வருவார்கள். யார் வந்தாலும் ஒன்றுதான் என்று யோசித்தே முடிவு செய்தவர்கள். அது ஒரு நிலைப்பாடு. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது கட்சிகள், நான் இல்லை. என் அறையில் அவர்கள் குறைவு. நான் எழுத வந்தது மற்றவர்களைப் பற்றி.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்காவில் வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய 26-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1971-இல் வந்தது. வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க 18 வயது போதும், ஓட்டுப் போட மட்டும் 21 வேண்டுமா என்ற கேள்விதான் அதைக் கொண்டுவந்தது. அவ்வளவு போராடி வாங்கிய உரிமை. மறுவருடத்து அதிபர் தேர்தலில் 18 முதல் 24 வயதுக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் போனார்கள். அதற்கப்புறமும் ஏற்ற இறக்கம்தான். 2014 இடைக்காலத் தேர்தலில், அதாவது அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் நாடாளுமன்றத்துக்கு நடக்கும் தேர்தலில், அங்கே 18 முதல் 29 வயதினரில் வாக்களித்தவர்கள் 20 சதவீதம். நாலே வருடம் கழித்து, 2018-இல், அதே வயதினரில் 36 சதவீதம். ஒரு தலைமுறையின் குணம் நாலு வருடத்தில் தலைகீழாகிவிடாது. அப்படியென்றால் நாம் குணம் என்று பெயர் வைத்தது குணமே இல்லை.

பின்னே என்ன? எனக்கு முதலில் வழிகாட்டியது டென்மார்க்கில் 2009 உள்ளாட்சித் தேர்தலை வைத்து நடந்த ஓர் ஆய்வு. அந்த நாட்டில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க யாரும் அலைய வேண்டாம். அரசின் குடிமக்கள் பதிவேட்டிலிருந்து தானாகவே சேர்ந்துவிடும், வாக்குச் சீட்டுக்கான அட்டையும் வீட்டுக்கே தபாலில் வரும். இவ்வளவு வசதி இருந்தும் ஒரு வேடிக்கை தெரிந்தது. 18 வயதுக்காரர்கள் நன்றாகவே வாக்களிக்கிறார்கள். 19, 20 என்று வயது ஏற ஏற விகிதம் கீழே இறங்குகிறது. வயது கூடினால் பொறுப்பு கூடும் என்பதுதானே நம் எண்ணம்? ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தபோது கிடைத்த விடை எளிமையானது: அந்த வயதில்தான் பிள்ளைகள் பெற்றோர் வீட்டை விட்டு வெளியே போகிறார்கள். வீட்டில் இருக்கும்வரை தேர்தலன்று யாராவது எழுப்பிவிடுவார்கள், "கிளம்பு, சேர்ந்தே போயிட்டு வந்துடலாம்" என்பார்கள். தனி அறைக்குப் போன பிறகு, சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் அவனைப் போலவே தூங்கிக்கொண்டிருப்பவர்கள்.

18 வயது என்பதே ஒரு மோசமான நேரம். ஊர் மாறுகிறது, விலாசம் மாறுகிறது, சாப்பாட்டு நேரம்கூட மாறுகிறது. ஒரு மனிதன் தன் வாழ்க்கையில் எந்த வரிசையிலும் சரியாக நிற்கத் தெரியாமல் தடுமாறும் அந்த இரண்டு மூன்று வருடத்தில்தான் அவன் கையில் முதல் ஓட்டைக் கொடுக்கிறோம்.

இதெல்லாம் எனக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்ததா என்றால் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் வாக்காளர் விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் பேசக் கூப்பிட்டார்கள். முக்கால் மணி நேரம் பேசினேன். உரிமை, கடமை, தியாகிகள், ஜனநாயகம் எல்லாம் வந்தது. நன்றாகவே கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒரு கை எழுந்தது. "மேடம், ஹாஸ்டல்ல இருக்கிறவங்க ஓட்டு இங்கயா, ஊர்லயா?"

எனக்குத் தெரியவில்லை. மேடையில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. "விசாரிச்சுக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டு பூங்கொத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பையன் விசாரித்திருப்பான் என்று நான் நம்பவில்லை.

அன்றிரவே உட்கார்ந்து தேடினேன். நாட்டுக்கு நாடு விதி வேறு. இந்தியாவில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் பெற்றோரின் விலாசத்திலோ விடுதி விலாசத்திலோ பெயர் சேர்க்கலாம், ஆனால் இரண்டில் ஒன்றில்தான். பிரிட்டனில் இரண்டு இடத்திலும் பதிந்துகொள்ளலாம், நாடாளுமன்றத் தேர்தலில் ஒரே ஒரு இடத்தில்தான் வாக்களிக்கலாம். படித்துப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் ஆகவில்லை. முக்கால் மணி நேரப் பேச்சில் அந்த ஐந்து நிமிடத்தைச் சேர்த்திருக்கலாம்.

பதிவில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பல நாடுகளில் பெயர் சேர்க்கும் கெடு, தேர்தலுக்குச் சில வாரம் முன்பே முடிந்துவிடும். இளைஞர்களுக்கு ஆர்வம் வருவதோ கடைசி இரண்டு வாரத்தில், மீம்ஸும் வாக்குவாதமும் சூடு பிடிக்கும்போது. ஆர்வம் வந்து இணையதளத்தைத் திறந்தால் கதவு சாத்தியிருக்கும். அதை எவ்வளவு பேர் "நமக்கெல்லாம் இல்லை போல" என்று எடுத்துக்கொள்கிறார்கள் தெரியுமா? ஒருமுறை அப்படித் திரும்பியவர்கள் அடுத்த முறை கதவுப் பக்கமே வருவதில்லை.

மலேசியா இந்தக் கதவையே எடுத்துவிட்டது. வயதை 21-இலிருந்து 18-க்குக் குறைத்து, கூடவே தானியங்கிப் பதிவையும் கொண்டுவந்தார்கள். 2018 தேர்தலில் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த பட்டியல் 2022-இல் 2 கோடியே 11 லட்சமானது. வாக்குப்பதிவு விகிதம் 82 சதவீதத்திலிருந்து 74-க்கு இறங்கியதும், "பார்த்தீர்களா, பிள்ளைகள் வரவில்லை" என்று சிலர் கிளம்பினார்கள். விகிதம் இறங்கியது உண்மை. வாக்களித்தவர்கள் முன்பைவிட 30 லட்சத்துக்கும் அதிகமாகக் கூடியதும் உண்மை. முன்பெல்லாம் தானாகப் போய்ப் பதிந்தவர்களை மட்டும் வைத்து வகுத்தார்கள், இப்போது எல்லாரையும் வைத்து வகுக்கிறார்கள். சதவீதத்தைப் பார்க்கும்போது கீழே எதை வைத்து வகுத்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

சரி, பெயர் இருக்கிறது, ஊரில்தான் இருக்கிறாள், விடுமுறையும்கூட. அப்போதும் ஏன் போகவில்லை? இதற்கு எனக்குப் பதில் சொன்னவள் ஒரு பெண். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், நடந்தது நடந்ததுதான்.

வாக்குச்சாவடியின் கேட் வரை போயிருக்கிறாள். உள்ளே இரண்டு வரிசை. எது தன்னுடையது என்று தெரியவில்லை. நிற்கிறவர்கள் எல்லாரும் பல வருடமாக வந்து போகிறவர்கள் மாதிரி சாவகாசமாக நிற்கிறார்கள். யாரிடமாவது கேட்கலாம். கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்பார்களோ? உள்ளே போய் எதையாவது தப்பாக அழுத்திவிட்டால்? பின்னால் ஆட்கள் வர வர, நடு வழியில் நிற்பது இன்னும் சங்கடமாகிவிட்டது. கைப்பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். யாரும் கூப்பிடவில்லை. "ஹலோ, ஆங், சொல்லு" என்று பேசிக்கொண்டே தெருமுனை வரை வந்து, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இதைச் சொல்லும்போது அவளுக்கு வயது 23. அதற்கு முந்தைய தேர்தலிலும் போகவில்லை. "அக்கறை இல்ல, அதான் போகலன்னு சொல்லிட்டேன் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட. அது கொஞ்சம் கெத்தா இருக்குல்ல மேடம்" என்றாள்.

தெரியாது என்று சொல்வதைவிட அக்கறை இல்லை என்று சொல்வது இந்த வயதில் மரியாதையானது. கருத்துக்கணிப்பு எடுப்பவர்கள் வந்து கேட்டாலும் அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

இப்போது நான் உரிமை, கடமை பற்றிப் பேசுவதில்லை. ஒரு தாளைக் கொடுக்கிறேன். நானாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. 2008-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஒரு கட்சியின் வேட்பாளர் தேர்வுக்கான வாக்கெடுப்புக்கு முன், டேவிட் நிக்கர்சன், டாட் ராஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனை அது. 2 லட்சத்து 87 ஆயிரம் வாக்காளர்களைப் பிரித்துக்கொண்டார்கள். சிலரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வாக்களிக்கச் சொல்லி நினைவூட்டினார்கள். சிலரிடம் "வாக்களிப்பீர்களா?" என்றும் கேட்டார்கள். இன்னும் சிலரிடம் அதோடு மூன்று கேள்விகள்: எத்தனை மணிக்குப் போவீர்கள், எங்கிருந்து கிளம்புவீர்கள், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருப்பீர்கள். மூன்று கேள்விகளுக்கும் பதில் சொன்னவர்களின் வாக்களிப்பு சுமார் 4 சதவீதப் புள்ளி கூடியது. எனக்குச் சுவாரஸ்யமானது அடுத்த விவரம். வீட்டில் ஒரே ஒரு வாக்காளர் மட்டும் இருந்தால் அந்தப் பலன் 9 புள்ளி வரை போனது. பலர் இருந்த வீடுகளில் பலனே இல்லை என்கிற அளவு. அந்த வீடுகளில் இந்தக் கேள்விகளை ஏற்கெனவே யாரோ சமையலறையிலிருந்து கேட்டிருப்பார்கள். தனியாக இருப்பவனிடம் கேட்க ஆளில்லை.

தாளில் எழுதச் சொன்னால் முதலில் எல்லாரும் மழுப்புவார்கள். போன முறை ஒரு பையன் "காலையில்" என்று எழுதிவிட்டு நிமிர்ந்தான்.

"காலையில்னா?"

"எழுந்ததும்."

"லீவு நாள்ல எத்தனை மணிக்கு எழுந்திருப்ப?"

யோசித்தான். "பதினொண்ணு" என்றான். அவனே சிரித்துவிட்டான். அப்புறம் "காலையில்" என்பதை அடித்துவிட்டு "4 மணி, டீ குடிக்கப் போகும்போது, விஷயம் தெரிந்த ஒரு ஆளோடு" என்று எழுதினான். அந்தக் கடைசி நான்கு சொல்லைத்தான் நான் அடிக்கோடிட்டேன். என் அனுபவத்தில் தனியாகப் போகிறேன் என்று எழுதுபவர்களில் நிறையப் பேர் போவதில்லை. யாரோடு என்று எழுதுபவர்கள் போய்விடுகிறார்கள். இது என் நோட்டுப் புத்தகக் கணக்கு, ஆய்வு இல்லை.

ஒருமுறை போய்விட்டால் போதுமா என்றால், கிட்டத்தட்ட ஆமாம். 1998-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் நடந்த சோதனையில், வீட்டுக் கதவைத் தட்டியும் கடிதம் போட்டும் வாக்களிக்கத் தூண்டப்பட்டவர்கள், மறுவருடத் தேர்தலில் யாரும் கதவைத் தட்டாதபோதும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வந்தார்கள். நீச்சல் மாதிரிதான் இதுவும். இதன் மறுபக்கம் கொஞ்சம் கவலையானது. முதல் இரண்டு தேர்தலைத் தவறவிட்டவனுக்குத் தவறவிடுவதே பழக்கமாகிவிடும். கட்சிகளும் வழக்கமாக வருகிறவர்களைத்தான் தேடிப் போகும், வராதவர்களின் வாடகையும் வேலையும் பிரசாரத்தில் பேச்சாக வராது, அதைப் பார்த்து இவர்கள் இன்னும் விலகுவார்கள்.

இதனால்தான் 16 வயதில் ஓட்டு என்ற யோசனையை முன்போல் என்னால் சிரித்து ஒதுக்க முடியவில்லை. ஆஸ்திரியா 2007-இல் அதைச் செய்தது. அங்கே 16, 17 வயதுக்காரர்கள், தங்களைவிடச் சற்று மூத்த 18 முதல் 20 வயதினரைக் காட்டிலும் அதிகமாக வாக்களித்ததை வியன்னாவில் பார்த்தார்கள். டென்மார்க்கில் பார்த்த அதே காரணமாகத்தான் இருக்க வேண்டும்: வீட்டில் இருக்கிறார்கள், அம்மா எழுப்பிவிடுகிறாள். என் மனம் இன்னும் முழுதாக ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டாய வாக்களிப்பு பற்றியும் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் 1922-இல் 60 சதவீதத்தைத் தொடாத வாக்குப்பதிவு, சட்டம் வந்த பிறகு 1925-இல் 91-ஐத் தாண்டியது. வேலை செய்கிறது, சரி. அபராதத்துக்குப் பயந்து வரும் பிள்ளைக்கும் எந்த வரிசை என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒன்று செய்யலாம். முதல் ஓட்டு போடப் போகும் பிள்ளையிடம் யாருக்குப் போட வேண்டும் என்று சொல்ல வேண்டாம், கேட்கவும் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் முதல் மேசையில் என்ன கேட்பார்கள், அடுத்த மேசையில் என்ன, தடுப்புக்குப் பின்னால் எத்தனை நேரம், தெரியாவிட்டால் யாரிடம் கேட்பது என்று நடந்து காட்டுங்கள். வேறு ஊரில் இருந்தால் போனில் சொல்லுங்கள். இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். நம்மிடம் ஒருவரும் சொல்லாமலே கற்றுக்கொண்டோம் என்று நினைக்கிறோம். யோசித்துப் பாருங்கள், யாரோ ஒருவர் கூடவே வந்திருப்பார்.

போன் பேசுவதுபோல் நடித்துத் திரும்பிய அந்தப் பெண் அடுத்த தேர்தலுக்கு அறைத்தோழியோடு போனாள். கேட் அருகே தோழிக்கு நிஜமாகவே போன் வந்துவிட்டது. இவள் தனியாக நின்றாள். பிறகு மேசையில் இருந்தவரிடம் போய், நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்திருந்த அந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கிறாள்: "சார், எனக்கு இது முதல் தடவை. எந்த வரிசை?" அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். கையில் இருந்த பேனாவால் இடது பக்கம் காட்டிவிட்டு, எழுதிக்கொண்டிருந்ததைத் தொடர்ந்து எழுதினாராம்.

"அவ்ளோதான் மேடம்" என்றாள். "அவர் என்னைப் பார்க்கவே இல்ல. அதுக்காகவா அஞ்சு வருஷம்?"