முதல் வரியின் கடைசியில் ஒளிந்திருந்த 13

ஆடிவேல் விழாவுக்குத் தொண்டர்களின் பெயர்களைப் பதிய, வெள்ளவத்தையில் இருக்கும் என் தம்பி முறையான பையன் ஒருவன் பைதன் என்ற நிரல் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதி, இணையப் பக்கங்களை அனுப்பும் சேர்வரில் ஏற்றியிருந்தான். இரவு பத்தரைக்கு ஃபோன். "அண்ணா, என்ர லெப்டொப்பில நல்லா ஓடுது, சேர்வரில போட்டா 500 எண்டு மட்டும் வருது."

500 என்பது காரணம் இல்லை. உள்ளே ஏதோ கோளாறு என்று மட்டும் வெளியாருக்குச் சொல்லும் எண் அது, உள்விவரம் தெரிந்தால் திருட வருகிறவனுக்கும் உதவுமே. உண்மைக் காரணம் சேர்வர் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் பிழை லொக்கில் இருக்கும், அதைத் திறக்காமல் கோடை மாற்றி மாற்றி எழுதுவது நேரத்தைத்தான் தின்னும்.

அவன் பயன்படுத்தியது சிஜிஐ, சேர்வர் ஒரு நிரலை ஓட்டி அது எழுதுவதைப் பக்கமாக அனுப்பும் முறை, 1993இல் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ என்ற கணினி ஆய்வு மையத்தில் உருவான பழையது. பிரவுசர் கேட்டதும் அப்பாச்சி என்ற சேர்வர் மென்பொருள் அந்த ஃபைலை ஓட்டச் சொல்லி, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலிடம் கொடுக்கும். கேர்னல் அனுமதியைப் பார்த்து, எதைக் கொண்டு ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரியைப் படித்து, பைதனை எழுப்பும். பைதன் எழுதுவதை அப்பாச்சி வாங்கி வெளியே அனுப்பும். இதில் எந்தக் கைமாறலிலும் தடுக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் லொக்கில் வேறு வேறு வரியை விட்டுவிட்டுப் போகும்.

லொக்கில் முதலில் இருந்தது அனுமதி மறுப்பு. படிக்க 4, எழுத 2, ஓட்ட 1 என்று கூட்டி, உரிமையாளர், குழு, மற்றவர் என மூவருக்கும் ஆளுக்கோர் இலக்கம் போடும் கணக்கில் ஃபைல் 644இல் இருந்தது, ஓட்டும் உரிமை யாருக்கும் இல்லை. 755 ஆக்கினோம். (பலர் 777 போடுவார்கள், தயவுசெய்து வேண்டாம், யாரும் எழுதக்கூடிய ஸ்கிரிப்டை சில சேர்வர்கள் ஓட்டவே மறுக்கும்.)

திரும்பவும் 500. ஆனால் லொக்கில் வரி மாறியிருந்தது: அப்படி ஒரு ஃபைல் இல்லையாம். கண் முன்னால் இருக்கிற ஃபைலை இல்லை என்கிறதே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஃபைலைத் திரையில் காட்டும் கேட் கட்டளைக்கு, மறைந்த எழுத்துகளையும் காட்டும் பெரிய ஏ தெரிவைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கூரை போன்ற ஒரு குறியும் எம் எழுத்தும் ஒட்டிக்கொண்டு நின்றன.

புதுக்கடை நீதிமன்றப் பக்கம் டைப் அடிப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வரி முடிந்ததும் வண்டியைத் தொடக்கத்துக்குத் தள்ள வேண்டும், தாளை ஒரு வரி மேலே ஏற்ற வேண்டும். தந்தி அச்சு இயந்திரங்களில் இவை இரண்டும் தனித்தனிக் குறியீடுகள், 13உம் 10உம். அந்தக் கூரையும் எம்மும் 13தான். விண்டோஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது, லினக்ஸ் போன்ற, யுனிக்ஸ் வழிவந்தவை 10 மட்டும் போதும் என்றன. முதல் வரியில் ஹேஷும் ஆச்சரியக்குறியும் கண்டால் அதன் பிறகு இடைவெளியோ 10ஓ வரும்வரை உள்ளதையெல்லாம் ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டிய நிரலின் முகவரியாகக் கேர்னல் எடுத்துக்கொள்ளும், அதனால் அது தேடியது பைதனை அல்ல, பெயரின் வாலில் ஒரு 13 ஒட்டிய பைதனை. அப்படி ஒன்று உண்மையிலேயே இல்லை. இல்லாமல் போனது ஸ்கிரிப்ட் அல்ல, அதை ஓட்ட வேண்டியவன்.

லெப்டொப்பில் ஏன் ஓடியது? அங்கே அவன் பைதனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஸ்கிரிப்டைக் கையில் கொடுத்தான், அப்போது முதல் வரி வெறும் குறிப்பு, வரிக்கடைசி 13ஐப் பைதன் பொருட்படுத்துவதும் இல்லை.

இந்த 13களை நீக்கும் டொஸ்டுயுனிக்ஸ் என்ற கருவியை ஒரு தடவை ஓட்டியதும் அது தீர்ந்தது. அப்புறம் லொக்கில் மூன்றாவது வரி: தலைப்பில் கோளாறு. எந்தப் பக்கத்துக்கும் முன்னால் உள்ளடக்க வகையைச் சொல்லும் தலைப்பும் அதை அடுத்து ஒரு வெற்று வரியும் போக வேண்டும், இவனோ சோதித்துப் பார்க்க 'வந்துவிட்டேன்' என்று அதற்கும் முன்னால் அச்சிட்டிருந்தான். அந்த வரியை நீக்கினான், படிவம் திறந்தது.

சரி, நாளைக்குத் திருத்தி ஏற்றும்போது 13 திரும்ப வரக்கூடாதே. அவன் எடிட்டர் விஎஸ் கோட், அதன் வலது கீழ் மூலையில் சிஆர்எல்எஃப் (13உம் 10உம்) என்று இருந்ததைச் சொடுக்கி எல்எஃப் (10 மட்டும்) ஆக மாற்றிச் சேமிக்கச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன்.