எடை மெஷின் காட்டும் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டு டயட்டை ஆரம்பியுங்கள்

நோட்டை மேசையில் விரித்து வைத்துவிட்டு அந்தப் பெண் பேசாமல் உட்கார்ந்திருந்தார். 22 நாட்களின் எடை, தேதி வாரியாக. குறைந்த நாளுக்கு நீல மை, கூடிய நாளுக்குச் சிவப்பு மை. முதல் பக்கம் முழுக்க நீலம், ஒன்பதே நாளில் இரண்டரைக் கிலோ இறங்கியிருந்தது. அப்புறம் மாறி மாறி வந்து, கடைசி நான்கு நாளும் சிவப்பு. "நேத்து ராத்திரி அரை வயிறுதான் மேடம் சாப்பிட்டேன். காலையில பார்த்தா 800 கிராம் கூடியிருக்கு. என்னுது எடை குறையாத உடம்பு போல" என்றவருக்குச் சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அவரை எடை மெஷினில் ஏறச் சொன்னேன். 81.4 காட்டியது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொடுத்து முழுவதும் குடிக்கச் சொல்லி, மறுபடி ஏறச் சொன்னேன். 81.9. "இப்ப கூடின அரைக் கிலோ கொழுப்பா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு நோட்டின் சிவப்புப் பக்கத்தைத் திருப்பி முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.

டயட்டீஷியனாக இத்தனை வருடங்களில், நாக்கைக் கட்டுப்படுத்த முடியாமல் பாதியில் விட்டவர்களைவிட, இந்த எண்ணைத் தப்பாகப் படித்து மனம் விட்டுப்போய் நிறுத்தியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மூன்றாவது வாரத்துக்கும் ஐந்தாவது வாரத்துக்கும் நடுவில். கொழுப்பு உண்மையிலேயே கரைந்துகொண்டிருக்கும் சமயத்தில், பலன் இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தமாக இருக்கும். அதனால்தான் என்ன சாப்பிடலாம் என்பதற்கு முன்னால் இதைச் சொல்கிறேன்.

நம் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்ற வடிவத்தில் சர்க்கரை சேமிப்பு இருக்கிறது, பெரியவர்களுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ. அதன் ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும், குறிப்பாக மாவுச்சத்தைக் குறைத்ததும், உடம்பு முதலில் எடுத்துச் செலவழிப்பது இந்தச் சேமிப்பைத்தான். அது கரையும்போது கூடவே தண்ணீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் சர்ரென்று இறங்கும் எடையில் பெரும்பங்கு இதுதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கலோரி. ஒன்பது நாளில் இரண்டரைக் கிலோ கொழுப்பு கரைய வேண்டுமென்றால், தினமும் 2,100 கலோரிக்கு மேல் பற்றாக்குறை ஏற்பட வேண்டும். பெரும்பாலான பெண்களுக்கு ஒரு நாள் முழுக்கச் செலவாவதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, ஒன்பது நாளும் ஒரு வாய் சாப்பிடாமல் இருந்தால்தான் அந்த எண் கொழுப்பாக இருக்க முடியும். அவர் அப்படி இல்லை, நன்றாகவே சாப்பிட்டிருந்தார்.

சரி, மூன்றாவது வாரம் ஏன் ஏறியது? அந்த வாரம்தான் அவர் புதிதாக உடற்பயிற்சி ஆரம்பித்திருந்தார், தொடையெல்லாம் வலி. பழக்கமில்லாத பயிற்சிக்குப் பிறகு தசைகளில் சிறு சிறு காயங்கள் ஏற்பட்டு, அவை ஆறும்வரை அங்கே நீர் கோத்திருக்கும். மாதவிடாய் வரவும் நான்கைந்து நாள்தான் இருந்தது, அந்தச் சமயத்தில் பல பெண்களுக்கு ஒரு கிலோவுக்கு மேல்கூட நீர் சேரும். உப்பு அதிகமான ஒரு வேளைச் சாப்பாடு, இரண்டு நாள் மலச்சிக்கல், நீண்ட பயணம், எல்லாமே எண்ணை மேலே தள்ளும். ஒரு வாரம் முழுக்கத் தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் கரையும் கொழுப்பு அரைக் கிலோவுக்கும் கீழேதான், அதை 800 கிராம் தண்ணீர் சுலபமாக மறைத்துவிடும்.

அதனால் எடை பார்ப்பதாக இருந்தால் இப்படிப் பாருங்கள். காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, ஒன்றும் சாப்பிடாமல் குடிக்காமல், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில். தினமும் குறித்துக்கொண்டு, ஏழு நாள் எண்ணையும் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். பெண்களுக்குப் போன மாதச் சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். தினமும் பார்ப்பது உங்கள் மனநிலையைக் கெடுக்கிறது என்றால் வாரம் ஒருமுறை போதும், அதுவும் வேண்டாமென்றால் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் சுற்றளவு பாருங்கள். அது உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். பல பேருக்கு எடை நகராத மாதத்திலும் டேப் நகர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, உடம்பை அதிக இன்சுலின் சுரக்க வைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. மருந்து அதே அளவில் இருக்க உணவு மட்டும் குறைந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கை நடுக்கமும் குப்பென்ற வியர்வையுமாக இரவில் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிவந்த ஒருவரை எனக்குத் தெரியும், அவர் செய்ததெல்லாம் இரவுச் சாப்பாட்டை நிறுத்தியது மட்டும்தான். ரத்த அழுத்த மாத்திரைக்கும் எடை குறையக் குறைய அளவு மாற்ற வேண்டியிருக்கலாம், எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் உடனே சொல்லுங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், வலிப்புக்கான சில மருந்துகள் எடையைக் கூட்டக்கூடியவை. உங்களுக்கு அப்படி ஒன்று இருந்தால் நீங்களாக நிறுத்தாமல், மாற்று உண்டா என்று எழுதித் தந்தவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள், சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, பட்டினி கிடப்பது போன்ற பழக்கங்களோடு முன்பு போராடியவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். நான் சொன்ன அந்தத் தினசரி எடை பார்ப்பதுகூட இவர்களுக்கு வேண்டாம்.

தைராய்டு பற்றிக் கேட்பீர்கள். பரிசோதித்துவிடுங்கள், நல்லதுதான். ஆனால் தைராய்டு குறைவால் மட்டும் கூடும் எடை பொதுவாகச் சில கிலோதான், அதிலும் பெரும்பாலானது உப்பும் நீரும்.

எவ்வளவு குறைக்க வேண்டும்? முதல் சந்திப்பிலேயே 25 கிலோ, 30 கிலோ என்று கல்யாண வயதின் எடையைச் சொல்கிறார்கள். நான் முதலில் கேட்பது இப்போதைய எடையில் 5 முதல் 7 சதவீதம்தான், 81 கிலோ என்றால் நான்கிலிருந்து ஐந்தரைக் கிலோ. இது சின்னதாகத் தெரியும். ஆனால் 2002-இல் வெளியான அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுக்கு 7 சதவீத எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காக வைத்தபோது நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான் குறைந்தது. எல்லாரும் அந்த 7-ஐ எட்டிவிடவும் இல்லை, அப்படியும் இந்தப் பலன்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். வழக்கம்போலச் சாப்பிட்டு, வாயில் போட்ட அத்தனையையும் எழுதுங்கள். அதுவும் அப்போதைக்கு அப்போதே, சாப்பிடும் முன்பே. 1992-இல் வந்த ஒரு ஆய்வில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களின் உண்மையான கலோரிச் செலவை அளந்து பார்த்தார்கள். அவர்கள் சாப்பிட்டதில் கிட்டத்தட்ட பாதி, சரியாகச் சொன்னால் 47 சதவீதம், கணக்கில் வரவில்லை. செய்த உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, மனித மனம் அப்படித்தான் கணக்கு வைக்கிறது, நானும் எழுதாவிட்டால் மறந்துவிடுவேன். சமைக்கும்போது ருசி பார்த்தது, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்தது, வேலைக்கு நடுவே குடித்த சர்க்கரை போட்ட டீ, காபி, எல்லாம் எழுத்தில் வந்தால்தான் தெரியும். எண்ணெயை முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி எண்ணெயில் சுமார் 120 கலோரி, எந்த எண்ணெயாக இருந்தாலும் அதேதான். பாட்டிலிலிருந்து நேராக வாணலியில் ஊற்றுபவர்கள் கரண்டியால் அளந்து ஊற்றினாலே பாதிக் குறைப்பு அங்கேயே நடந்துவிடுகிறது.

எந்த டயட் நல்லது என்ற கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல ஒன்றுமில்லை. 2018-இல் 609 பேரை ஒரு வருடம் கவனித்த ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள், சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. உங்கள் வீட்டில், உங்கள் வேலை நேரத்தில், அடுத்த வருடமும் சாப்பிட முடிகிற முறை எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எந்த முறை எடுத்தாலும் புரதத்தை விட்டுவிடாதீர்கள். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். தசை போனால் பலம் போகும், மாடிப்படி ஏற முடியாது, உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் கலோரியும் குறையும். நீங்கள் போய்ச் சேர நினைக்கும் எடைக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால், 65 கிலோவை நினைத்திருப்பவருக்குத் தினமும் 78 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் என்றால் ஒரே வேளையில் இதை அடைக்க முடியாது என்பது புரியும், மூன்று வேளைக்கும் பிரித்துவிடுங்கள். பருப்பு, பயறு, பால், மீன், முட்டை, எது உங்களுக்கு ஒத்துவருமோ அது. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கை எடுக்க வேண்டாம், உங்கள் மருத்துவர் சொல்லும் அளவுதான்.

கூடவே வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. ஜிம் கட்டாயமில்லை. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நின்று மறுபடி மெதுவாக உட்காருங்கள், பத்து முறை. சுவரில் உள்ளங்கையை வைத்துச் சாய்ந்து தள்ளுங்கள், பத்து முறை. முதல் நாள் ஆறிலேயே மூச்சு வாங்கினால் ஆறோடு நிறுத்துங்கள். நடைப்பயிற்சி இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனதுக்கும் அருமையானது, குறைந்த எடை திரும்ப ஏறாமல் காப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு. ஆனால் நடந்தே எல்லாவற்றையும் கரைத்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான் வரும், அரை மணி நேர வேகநடையில் பலருக்கும் செலவாவது அந்த ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் அளவுதான்.

வேகமாகக் குறைக்க ஆசைப்படுபவர்களிடம் அமெரிக்காவில் நடந்த மினசோட்டா ஆய்வைப் பற்றிச் சொல்வேன். 1944 - 45-இல் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் பாதிப் பட்டினியாகச் சாப்பாடு கொடுத்தார்கள். சராசரியாகச் சுமார் 1,570 கலோரி, இன்றைக்குப் பல டயட் அட்டவணைகளில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். அவர்களுக்கு உணவைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது, சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள், எரிச்சலும் சோர்வுமாக ஆனார்கள். இத்தனைக்கும் மன உறுதி இல்லாதவர்கள் இல்லை, தாங்களாக முன்வந்தவர்கள். 1,000 கலோரி டயட் இருந்து பத்தாம் நாள் இரவு பிரிட்ஜைத் திறந்து கையில் கிடைத்ததையெல்லாம் தின்றுவிட்டு, "எனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று தன்னையே திட்டிக்கொள்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். பசித்த உடம்பு கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்துகொண்டே போனால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடும். வாரத்துக்கு அரைக் கிலோ, கூடினால் ஒரு கிலோ, ஆரம்பிப்பவருக்கு இது தாராளம்.

தூக்கத்தை யாரும் டயட்டில் சேர்ப்பதில்லை. 2010-இல் வந்த ஒரு சின்ன ஆய்வில், அதே ஆட்களுக்குக் குறைந்த கலோரிச் சாப்பாட்டைக் கொடுத்து, ஒரு கட்டத்தில் எட்டரை மணி நேரமும் இன்னொரு கட்டத்தில் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கவிட்டார்கள். குறைந்த எடை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் தூக்கம் குறைந்த கட்டத்தில் கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழே, மீதி தசை போன்றவற்றிலிருந்து போனது, பசியும் கூடியது. குறட்டை பலமாக இருந்து, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிழுகிறீர்கள் என்றால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பரிசோதியுங்கள்.

அந்தப் பெண் ஐந்து வாரம் கழித்து வந்தார். நோட்டில் சிவப்பு மை இல்லை, எல்லாம் நீலத்திலேயே இருந்தது, ஒவ்வொரு ஏழு நாளுக்குக் கீழேயும் ஒரு கோடு போட்டுச் சராசரி. ஐந்து வாரத்தில் சராசரி 1.9 கிலோ குறைந்திருந்தது, இடுப்பு 4 சென்டிமீட்டர். நடுவில் ஒரு நாள் 700 கிராம் ஏறியிருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் "பீரியட்ஸ், நேத்து வெளியே சாப்பாடு" என்று எழுதிவிட்டு, மறுநாள் தேதியைப் போட்டிருந்தார்.